சின்னம்மாவின் மூன்று நாள்

கொழும்பு வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இரவுச் சாப்பாடு முடிந்ததும் சின்னம்மா விரிக்கும் மலைநாட்டு நில அளவைப் படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கிழியாதிருக்கப் பின்பக்கம் பழைய வேட்டித் துணி ஒட்டியிருந்தார். மூலைகளில் தம்ளர் வைத்தால்தான் அது சுருளாமல் கிடக்கும். திகதி இல்லாமல் எதையும் எழுதத் தயங்குகிறவன் நான். இதற்கு என்னிடம் திகதி இல்லை. பாண் ரொட்டிக்கு ஊரே வரிசையில் நின்ற தட்டுப்பாட்டுக் காலத்துத் தை மாதம் என்பது மட்டும் நிச்சயம்.

அம்மாவின் தங்கை அவர்; மணமாகாதவர். கோட்டையில் ஒரு கந்தோரில் தட்டச்சு வேலை. இரவில் பிள்ளைகளான எங்களோடு ஒரே அறையில் பாயில் படுப்பார். எங்கள் வீட்டில் பூட்டக்கூடிய கதவு குளியலறைக்கு மட்டும்தான். அதையும் யாராவது தட்டிக்கொண்டிருப்பார்கள். சின்னம்மாவுக்கு வேண்டியிருந்தது மூன்று நாள், தனியாக. இரவுத் தபால் ரயிலில் போய்க் காலையில் ஓஹியாவில் இறங்குவது, ஹோர்ட்டன் சமவெளிக்கு நடந்து அங்கே தங்குவது, பிறகு காட்டுச் சரிவால் பெலிஹுல்ஓயாவுக்கு இறங்கி, இரத்தினபுரி பஸ்ஸில் வீடு திரும்புவது. பஸ் தவறினால் அடுத்தது எப்போது என்று புறக்கோட்டை பஸ் நிலையத்துக்கே போய்க் கேட்டு வந்தார்.

நடந்து பழகுவதற்காகப் பையில் செங்கல் நிரப்பி, விடியுமுன் கடற்கரை ரயில் பாதையோரம் கொள்ளுப்பிட்டி வரை போவார். பாரமான பையைக் கண்ட அயலவர்கள், "மிஸ், எங்க பாண் குடுக்கினம்?" என்று பின்னாலேயே போனதும் உண்டு.

"ஆரோடை போறாய்?" என்று அம்மா கேட்டார்.

"என்னோடைதான்."

"ராமரே வனத்துக்குத் தனியப் போகேல்லை, பிள்ளை" என்றார் அப்பா.

"அவருக்கு ராச்சியம் போனது, அத்தான். எனக்கு மூண்டு நாள் லீவுதானே."

அப்பா சிரித்தார். ரயில் ரிக்கற்றைத் தானே எடுத்துத் தருவதாகச் சொன்னார். அதன் பிறகு சின்னம்மா பாட்டு முணுமுணுத்தபடியே பாத்திரம் கழுவினார்.

பொங்கலன்று மாலை அப்பா கொண்டுவந்தது எங்கள் எல்லாருக்குமான ரிக்கற். ஓஹியாவுக்கு அல்ல, அதையும் தாண்டிப் பண்டாரவளைக்கு. அங்கே தெரிந்தவர் வீடும் பேசியிருந்தார். "பொம்பிளைப்பிள்ளையைத் தனிய அலைய விடுறதோ? எல்லாருமாப் போனா உனக்கும் பம்பலாப் பொழுது போகும்" என்றார். அதில் துளியும் கள்ளமில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவரைத் தனியே அனுப்புவது அவரைக் கைவிடுவதற்குச் சமம். அம்மா அடுத்த நிமிடமே புட்டு அவிக்கத் தொடங்கிவிட்டார். சின்னம்மா ரிக்கற்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லது அத்தான்" என்றார்.

மறுநாள் காலையில் ஓஹியாவில் ரயில் நின்றது. வெளியே புகார், வெள்ளைப் பனிமூட்டம். அதற்குள் ஒரு பாதை ஏறிப் போவது கொஞ்சத் தூரம் மட்டும் தெரிந்தது. மடியில் தலை வைத்துத் தூங்கிய தம்பியை மெல்ல நகர்த்திவிட்டுச் சின்னம்மா எழுந்து, மேலிருந்த தன் பையில் கை வைத்தார்.

"ஏன் எழும்பினாய்? பிள்ளை முழிச்சிடுவான்" என்றார் அம்மா.

"கால் விறைச்சுப் போச்சு, அக்கா."

உட்கார்ந்தார். தம்பியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பண்டாரவளையில் எல்லாருக்கும் அவர்தான் தேநீர் ஊற்றினார். அதன் பிறகு அந்த நடையைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

அப்பா, அம்மா, சின்னம்மா மூவரும் இன்று இல்லை. தம்பி வெளிநாட்டில். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். அதன் கதவுகள் எல்லாமே பூட்டக்கூடியவை, தட்டத்தான் ஆளில்லை. சென்ற தையில் ஓஹியாவுக்கு ரிக்கற் எடுத்தேன். அங்கே இறங்கியது நான் ஒருவன்தான். ரிக்கற்றை வாங்கிய நிலைய ஊழியர், தனியாகவா வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். ஆம் என்றேன். அவர் தலையசைத்து, பாதை இருந்த பக்கம் கையைக் காட்டினார். சின்னம்மா அந்தப் பதிலைச் சொல்லத்தான் எத்தனை விடியல்கள் செங்கல் சுமந்தார். எனக்கு அது வாயில் தயாராக இருந்தது.