ராப்பு சுடலை திரும்ப எடுத்துக்கொண்ட பாட்டு

சென்ற வாரம் ஒரு காலையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். விளம்பர ஆட்டோ ஒன்று தெருவுக்குள் வந்தது. "விளம்பர அறிவிப்பாளர் சுடலைமுத்து அவர்கள் இயற்கை எய்தினார்" என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே போனது. செய்தியில் பாதியை எங்கள் தெருவிலும் மீதியை அடுத்த தெருவிலும் போட்டுவிட்டு வண்டி மறைந்துவிட்டது. எந்தச் சுடலைமுத்து என்று தெரிந்துகொள்ளக் கத்தியைக் கீழே வைக்காமலே வாசலுக்கு ஓடினேன். எதிர் வீட்டில் கேட்டேன், நம்ம சுடலைதான்.

அவனும் அந்த வேலைதான் செய்தான். படம், ஜவுளிக்கடை, கண் சிகிச்சை முகாம் எதுவானாலும் ஆட்டோ ஓட ஓட, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவான். சாவுச் செய்திக்கு மட்டும் ஒவ்வொரு முக்கிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று சொல்வான். "செத்தவரு எங்க ஓடப் போறாரு? நாமளும் செத்த நேரம் நின்னு சொன்னா என்ன கொறஞ்சிரும்?" என்பான். அவன் சாவை ஒருவரும் நின்று சொல்லவில்லை. அவன் பாட்டுக்காரன் என்பதும் அந்த அறிவிப்பில் இல்லை. எனக்குக் கோபம் வந்ததற்கு இரண்டும் காரணம்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் என்னை 'யக்கா' என்று கூப்பிட்டே வளர்ந்தவன் அவன். இப்போது புதிதாக மரியாதை கொடுத்தால் எங்கேயாவது இருந்து சிரிப்பான்.

தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் திருநெல்வேலியில் ஒரே மெல்லிசைக் குழுவில் இருந்தோம். நான் அம்மன் பாட்டும் சோகப் பாட்டும் பாடுவேன். சினிமாப் பாட்டின் நடுவே வேகமாகப் பேசுகிற துண்டுகள் வரத் தொடங்கிய காலம் அது. அவற்றைச் சொல்ல எங்களுக்கு அவன்தான் கிடைத்தான். கூட்டம் அவனுக்கு 'ராப்பு சுடலை' என்று பேர் வைத்தது. அவனுக்கோ அந்தத் துண்டுகள் பிடிக்கவே பிடிக்காது. "அதுல ஒண்ணுமே இல்ல யக்கா. வெறும் வாய மெல்லுதோம்" என்று சலித்துக்கொள்வான்.

துபாயிலிருந்து வந்த அவன் மச்சான் ஒரு கேசட் கொண்டுவந்திருந்தான். அமெரிக்கக் கறுப்பினப் பையன்கள் பாடிய ராப். ஒரு நாள் ஒத்திகைக்கு முன்னால் சுடலை அதை எனக்குப் போட்டுக் காட்டினான். எனக்குத் தலைவலிதான் வந்தது.

"என்னலே சொல்லுதான் இவன்?"

"எனக்கும் தெரியல யக்கா. ஆனா ஏசுதான். கேட்டுப் பாருங்க, நியாயமா ஏசுதான்."

அன்றிலிருந்து அவனும் ஏச ஆரம்பித்தான், நம் ஊர்த் தமிழில். குளிக்கப் போனால் ஆற்றில் முங்கி மூச்சடக்கிப் பழகுவான். ரேஷன் கடைப் புழுத்த அரிசியை ஏசினான். சாதி கேட்டுவிட்டுத் தம்ளரை மாற்றும் டீக்கடையை ஏசினான். தாமிரபரணியில் மணல் அள்ளும் லாரிகளைப் பற்றி அவன் கட்டியதுதான் உச்சம். இதமாகச் சொல்வது, சுற்றி வளைப்பது எதுவும் அவனுக்கு ஆகாது. எங்கள் குழுவின் தாளக்காரர் ரிதம் பேடில் அடித்துக்கொடுக்க, அவன் அதைச் சொல்லிக் கேட்டபோது எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். பயத்தில்தான்.

ஜங்ஷன் பக்கம் ஒரு கேசட் கடைக்காரர் பதிவு செய்ய ஒப்புக்கொண்டார். ஆனால் வியாபாரி இல்லையா, ஒரு வழி கண்டுபிடித்தார். "யம்மா, ஒரு பக்கம் ஒங்க அம்மன் பாட்டு. மறு பக்கம் இவன் பாட்டு. அட்டையில அம்மன் படம் மட்டும் போடுதேன். கேக்கவன் திருப்பிப் போட்டுக் கேக்கட்டும்" என்றார். அப்படித்தான் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கேசட் வந்தது. அவனுக்கு அதில் வருத்தமே இல்லை. "சாமிக்குப் பின்னால நிக்கது நல்லதுதான யக்கா" என்றான்.

முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. சாயங்காலம் எங்கள் கச்சேரி. காலையிலேயே போய்ச் சேர்ந்து, கோயிலுக்குப் பின்னால் இட்லி தின்றுகொண்டிருந்தோம். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் பேச்சிமுத்து அண்ணாச்சியின் ரேடியோ செட்தான் அன்றைக்கு. தென்னை மரங்களில் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி, என் அம்மன் பாட்டைப் போட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போயிருந்தார். கேசட்டைத் தானே மறு பக்கம் திருப்பிக்கொள்ளும் புது மிஷின் ஒன்றை வாங்கியிருந்தார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அந்தக் கேசட்டின் மறு பக்கத்தை அவர் கேட்டதே இல்லை.

என் பாட்டு முடிந்தது. மிஷின் 'டக்'கென்றது. எட்டூருக்கும் கேட்கிற மாதிரி, சுடலை ஏசத் தொடங்கினான்.

இட்லியோடு போன அவன் கை வாய்க்கு முன்னால் அப்படியே நின்றது. "யக்கா, எம் பாட்டு" என்றான். பொங்கல் பானைகளுக்கு முன்னால் இருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மணல் போன கதை அவர்கள் கிணறு வற்றிய கதை அல்லவா. "யாரு பெத்த பிள்ளையோ, உள்ளதத்தான சொல்லுதான்" என்று அடுப்பை ஊதிக்கொண்டே ஒருத்தி சொன்னாள். அவன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். தாலி கட்டிய அன்றுகூட அவன் அப்படிப் பூரித்ததில்லை.

கொடையின் பெரிய செலவெல்லாம் ஏற்றிருந்த விழாக் கமிட்டித் தலைவருக்குத்தான் அந்த மணல் லாரிகள் ஓடின. பாட்டு அந்தக் கொடைப் பணத்தைத் தொட்ட இடத்தில் யாரோ வயரைப் பிடுங்கினார்கள்.

கமிட்டிக்காரர்கள் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். ஒரு குழாயையும் மைக்கையும் மட்டும் விட்டுவிட்டு, பேச்சிமுத்து அண்ணாச்சியின் மற்றக் குழாய்களையும் மிஷினையும் கோயில் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, "பாடுன பய இதே மைக்குல மன்னிப்புக் கேக்கட்டும். அப்புறம் செட்டக் கொண்டு போவும்" என்றார்கள். கொடைக் காலம். அந்த செட் வெளியே வராவிட்டால் அண்ணாச்சி வீட்டில் உலை ஏறாது.  அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மட்டும் துடைத்தார்.

சுடலை எழுந்து போனான்.

"நான் பாடுனது தப்பு. சொன்னதெல்லாம் திரும்ப எடுத்துக்கிடுதேன்." ஒவ்வொரு சொல்லாக, தாளமே இல்லாமல் சொன்னான். அவன் மெதுவாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. பொங்கல் பானைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கடைக்காரர் பயந்துபோய், மீதமிருந்த கேசட்டுகளில் அவன் பக்கத்தை அழித்துவிட்டார். பல வீடுகளில் என் பாட்டு முடிந்ததும் வெறும் இரைச்சல்தான் வந்தது. அந்தக் கிராமத்திலிருந்து பெண்கள் சிலர் கடைக்கு வந்து "அந்த ஏசுத பாட்டு" இருக்கிறதா என்று கேட்டார்களாம். இல்லை என்று அனுப்பிவிட்டார். இதைச் சுடலையிடம் சொல்லி, வேறு கடையில் பதிவு செய்வோம் என்று கெஞ்சினேன்.

"மன்னிப்புக் கேட்ட வாய் யக்கா இது. இனி இதே வாயால ஏசுனா எவன் நம்புவான்?"

அது தப்பான கணக்கு. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அவன் ஏன் குனிந்தான் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவனை மன்னிக்காதவன் அவன் ஒருவன்தான். அவ்வளவு மூச்சும் அதன் பிறகு ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்குப் போனது. எனக்கு ஆறவே இல்லை.

போன தீபாவளிக்குச் சுடலை என் வீட்டுக்கு வந்தபோது என் பேரன் போனில் இந்தக் காலத்துத் தமிழ்ப் பையன்கள் ராப் பாடுவதைக் காட்டினான். சுடலை போனைக் காதருகே வைத்து முழுவதும் கேட்டான். "நல்லா ஏசுதானுவ" என்றான். போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "இவனுவளயெல்லாம் யாரும் மன்னிப்புக் கேக்கச் சொல்லலையா யக்கா?" என்று கேட்டான். நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அவனை அறிந்த உங்களில் பலர் என்னிடம் அந்தக் கேசட் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இருந்ததை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஆனால் அவன் மைக்கில் திரும்ப எடுத்துக்கொண்ட வரிகள் என்னிடம் இருக்கின்றன. அன்று அந்தக் கூட்டத்தில் என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அதனால் நான் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் தெரு முக்கில் நின்று வாசியுங்கள்:

தண்ணி போனா அது ஆறுலே
மணலு போனா அது யாருலே?
கோயிலுக்குக் குடுக்குற கைய
மோந்து பாருலே.