கப்பல் வரும் நாளில் என் முகம்

மட்டாஞ்சேரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஏலமும் மிளகும் விற்கும் கடையில் எனக்கு வேலை. வருகிறவர்களிடம் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் வாயடித்து விற்பதுதான் எனக்குப் பிடித்தது. முதலாளிச் சேட்டனுக்கு இங்கிலீஷ் 'தாங்க்யூ'வோடு தீர்ந்துவிடும். ஆனாலும் சொகுசுக் கப்பல் வந்த ஒரு காலையில் என் கன்னங்களை உற்றுப் பார்த்துவிட்டு, "மோளே, முகத்து நிறையெ குருவாணல்லோ. கப்பலுள்ள திவசம் நீ அகத்து நின்னா மதி" என்றார். குரு என்றால் பரு. அகத்து என்றால் பின்னால் வற்றல் மிளகாய்ப் பொட்டலம் போடும் அறை. கப்பல் வரும் நாளில் நான் அங்கே நின்றால் போதுமாம். என் இடத்தில் புதிதாக ஒரு பெண்ணை நிறுத்தினார். மழமழவென்ற முகம். ஜாதிக்காயைப் பாக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

என் இடம் எனக்குத் திரும்ப வேண்டும். அந்த ஆத்திரத்தில்தான் போன் விளம்பரத்தில் பார்த்த கம்பெனிக்குச் சந்தா கட்டினேன். 'உங்களுக்காகவே தயாரித்த' கிரீம் மாதாமாதம் வருமாம். முதலில் கேள்விகள். நன்றாகத் தூங்குகிறீர்களா, பால் குடிப்பீர்களா, மனம் நிம்மதியாக இருக்கிறதா. நாளெல்லாம் மிளகாய்த் தூசியில் உட்காருகிறீர்களா என்று ஒரு வார்த்தை இல்லை. பிறகு முகத்தை மூன்று பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள், நல்ல வெளிச்சத்தில். எங்கள் வீட்டில் அதற்கு எங்கே போவது? சந்தில் நின்று எடுத்தேன். மீன்காரர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்.

என் பெயர் அச்சடித்த பாட்டில் வந்தது. பூசியதும் எரிந்தது. தோல் உரிந்தது. பரு இன்னும் கூடியது. சாட்டில் கேட்டால், 'கவலைப்படாதீங்க அழகி, உள்ளே இருக்கிறதெல்லாம் வெளியே வருது, நல்ல அறிகுறிதான்' என்று பூப்படத்தோடு பதில். யாருக்கு யார் அழகி? எரிகிறது என் முகம்.

ஆனால் அந்தச் சனியன் பிடித்த கிரீம் கேட்டது. மழைக்காலம் முடிவதற்குள் முகம் தெளிந்துவிட்டது. இதைச் சொல்லத்தான் வயிறு எரிகிறது. கண்ணாடி முன் நின்று சந்தோஷப்பட்டேன், சந்தோஷப்பட்டதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

சேட்டன் என்னை மறுபடி கவுண்டரில் நிறுத்தினார், புதுப் பெண்ணுக்குப் பக்கத்தில். அடுத்த பார்சல் கடைக்கு வந்தபோது அவரே வாங்கி வைத்திருந்து நீட்டினார். "இது முடக்கண்டா கேட்டோ" என்றார், விடாமல் பூசு என்று. என் முகத்துக்கு இவர் காவல்காரரா? அன்றே சந்தாவை ரத்து செய்தேன். 'போகாதீங்க அழகி' என்று வந்தது. போடி என்று அனுப்பினேன்.

பருக்கள் திரும்பி வந்தன. அடுத்த கப்பல் நாளில் மூக்கின் மேலேயே ஒன்று சிவந்து நின்றது. கடைக்குள் வெள்ளைக்காரப் பெண்கள் சிலர் ஏலக்காயை முகர்ந்துகொண்டிருந்தார்கள். சேட்டன் என் பக்கம் குனிந்து, "இன்னு அகத்து நின்னோ" என்றார்.

"முடியாது சேட்டா. என் முகத்தைப் பாக்கப் பிடிக்கலைன்னா நீங்க அகத்து போங்க."

தமிழில்தான் சொன்னேன், அவருக்குப் புரிந்தது. வேலை போகலாம் என்று தெரியும். நகரவில்லை.

ஒரு பெண் பச்சை ஏலக்காய்க்கும் வெள்ளை ஏலக்காய்க்கும் என்ன வித்தியாசம் என்று இங்கிலீஷில் அவரைக் கேட்டார். சேட்டன் தலையாட்டினார். அந்தப் பெண் இன்னொரு முறை கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சேட்டன் புதுப் பெண்ணைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"நீ பறை" என்றார் என்னிடம், நீயே சொல் என்று. விலகி நின்றார்.

முகத்தை அந்தப் பெண்ணுக்கு நேராகத் திருப்பி, சொன்னேன்.