ராய்சாவின் தண்டால் ஆங்கிலம்

நான்தான் ராய்சாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன் என்று எங்கள் ஊர் சொரோக்காவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பாதிக்குப் பாதி அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர் நான். ஆனால் பிளாங்க் என்றால் மரப்பலகை என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. முழங்கையை ஊன்றிக்கொண்டு உடம்பை விறைப்பாக நிறுத்துவதற்கும் அதுதான் பெயராம். சொன்னதோடு விடாமல் என் வீட்டுக் கம்பளத்தில் இரண்டு நிமிஷம் அப்படியே கிடந்து காட்டினாள்.

ராய்சா எங்கள் பள்ளியின் பி.டி. டீச்சர். வயது நாற்பத்து மூன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தடியன்கள் மூச்சு வாங்கி நிறுத்திய பிறகும் இவள் தண்டால் எடுத்துக்கொண்டிருப்பாள். புருஷன் ஸ்லாவிக் அயர்லாந்தில் இருக்கிறான். வீடுகளுக்கு உட்கூரைப் பலகை அடிக்கிற வேலை. போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஆகஸ்டில் மூன்று வாரம் வருவான். அந்த மூன்று வாரமும் ராய்சா எங்கள் யார் கண்ணிலும் படமாட்டாள். மற்ற நாட்களில் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போக மனசில்லாமல் மைதானத்துக் கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பாள். எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும். அவள்மேல் இல்லை, அவன்மேல்.

நானும் வருகிறேன் என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவன் அடுத்த வசந்தத்தில் பார்க்கலாம் என்பான். பாஷை தெரியாமல் வந்தால் ஹோட்டலில் பாத்திரம்தான் தேய்க்கணும் என்பான். போன இலையுதிர் காலத்தில் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பாஷை முழுக்க வேண்டாம், தனக்குத் தெரிந்த வேலைக்கு வேண்டிய வார்த்தை போதும், அதைக் கற்றுக்கொண்டு அதே ஊரில் ஏதாவது ஜிம்மில் சேர்ந்துவிடுவதாகச் சொல்லி என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

முதல் மாதம் சிரித்தே போயிற்று. எங்கள் மொழியில் உட்கார்ந்து எழுவதை ஜெனுஃப்லெக்சியுனி என்போம். அதே வார்த்தை ஆங்கிலத்திலும் இருக்கிறது, ஆனால் அங்கே அது சர்ச்சில் மண்டியிடுவது. தண்டாலுக்கு ஃப்ளோதாரி என்போம். ஆங்கிலக்காரன் காதுக்கு அது ஃப்ளோட், அதாவது மிதப்பது மாதிரி இருக்கும். ராய்சா எங்கள் வார்த்தைகளின் வாலை மட்டும் நறுக்கிவிட்டு ஆங்கிலம் என்று பேசினாள். முதலில் இருபது தடவை மிதக்கவும், பிறகு முப்பது தடவை பீடத்தின் முன் மண்டியிடவும் என்று அவள் கட்டளை போட்டபோது நான் அழுதுவிட்டேன், அவ்வளவு சிரிப்பு. "சிரிக்காதடி நோரா, அந்த ஊர்ப் பொம்பளைங்க பக்தியானவங்க, செஞ்சாலும் செய்வாங்க" என்றாள். பிறகு புஷ்அப், ஸ்குவாட் என்று பழகிக்கொண்டாள். குளியலறைக் கண்ணாடி வரைக்கும் சீட்டு ஒட்டிவைத்தாள். பனி உருகி முடிவதற்குள் நூற்றுச் சொச்சம் வார்த்தை கைவசம்.

அதற்குள் ஸ்லாவிக் இருக்கிற ஊரிலேயே ஜிம் ஒன்றையும் பிடித்துவிட்டாள். வயசான பெண்களுக்கு ஒரு வகுப்பு. அதன் முதலாளியம்மா மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வீடியோவில் கூப்பிட்டுப் பார்ப்பதாக எழுதியிருந்தாள். ஸ்லாவிக்கிடம் சொன்னால் அவன் சந்தோஷப்பட்டதாகவே தெரியவில்லை. இந்த ஆகஸ்டில் தானும் வர முடியாது, வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றான். அன்றைக்கு ராய்சா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், அவனுக்கு அங்கே வேறு யாராவது இருப்பார்களா என்று. எனக்கும் அந்தச் சந்தேகம் வந்திருந்ததால் அடுத்த வார்த்தைச் சீட்டை எடுத்து நீட்டினேன்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, சர்ச் முடிந்து என் வீட்டில் மமலிகா என்கிற சோளக்களியும் ஆட்டுப்பால் சீஸும் சாப்பிட்டோம். ஒத்திகை பார்க்க ஒரு மாணவன் வேண்டும், நோராவின் முழங்காலை நம்ப முடியாது என்று ராய்சா ஸ்லாவிக்கை வீடியோவில் கூப்பிட்டாள். போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்தாள். அவன் எங்கேயோ ஒரு சமையல்கட்டில், பொத்தான் போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தான்.

அவள் கட்டளை போடப் போட அவன் செய்தான். ஸ்குவாட் என்றாள், உட்கார்ந்து எழுந்தான். லஞ்ச் என்று ஒரு காலை முன்னால் வைத்து மடக்கச் சொன்னாள்; எனக்கு லஞ்ச் ஆயிற்று, உருளைக்கிழங்கு சாப்பிட்டேன் என்று வயிற்றைத் தடவினான். ராய்சாவின் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது; நாங்கள் யாரும் பார்க்காத ஆகஸ்ட் மாத முகம் இதுதான் போலிருக்கிறது. அப்புறம் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க, ஓவர்ஹெட் என்றாள்.

அவன் வலது கையைத் தூக்கினான். இடது கை தோள் உயரம் வந்து நின்றுவிட்டது.

"ஓவர்ஹெட்" என்றாள் திரும்ப.

"அந்த வார்த்தை எனக்குத் தெரியாதே" என்றான்.

நான் ராய்சாவைப் பார்த்தேன். ஒன்பது வருஷமாகத் தலைக்கு மேல் பலகை அடிக்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தையா தெரியாது? அவன் அங்கே போய்க் கற்ற முதல் வார்த்தையே அதுவாகத்தான் இருந்திருக்கும். ராய்சா போன் பக்கமாகக் குனிந்து, பள்ளியில் பையன்களின் கை காலைப் பார்க்கிற மாதிரி அவன் தோளையே பார்த்தாள்.

"எப்ப ஆச்சு?"

"என்னது எப்ப ஆச்சு? ஏதோ பிடிப்பு. நேத்து படுத்த..."

"ஸ்லாவிக், நான் பி.டி. டீச்சர். எப்ப ஆச்சு?"

பிப்ரவரியில் ஏணியிலிருந்து விழுந்திருக்கிறான். கை மேலே போகாதவனுக்குக் கூரை வேலை யார் தருவார்கள்? மூன்று மாதமாக ஒரு கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். பழைய அறையை விட்டுவிட்டு வேறு மூன்று ஆண்களோடு ஒரே அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறான். ஆகஸ்டில் வந்தால் கையைக் கண்டுபிடித்துவிடுவாள் என்றுதான் வரவில்லை என்று சொன்னானாம். வேறு பெண் இல்லை என்று எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்ததே எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

"சட்டை எப்படி மாட்டுற?" என்று கேட்டாள் ராய்சா.

"பொத்தான் வச்ச சட்டைன்னா ஒத்தக் கையாலயே போட்டுக்கலாம். பழகிட்டேன்."

"நீ ஒத்தக் கையில பழகிட்ட. எனக்கு ஒண்ணும் பழகல." அவள் குரல் உடைந்துவிட்டது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. "ஒன்பது வருஷத்துல எனக்கு எதுவுமே பழகல, தெரியுமா? நான் வர்றேன். வியாழக்கிழமை பஸ் இருக்கு, ராத்திரி ப்ளேன் இருக்கும். அந்தம்மா வெள்ளிக்கிழமை கூப்பிட்டா அங்க இருந்தே பேசிக்கிறேன்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். இப்போது அவன் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

"வந்து எங்க இருப்ப? சொன்னேனே, ஒரே ரூம்ல நாலு பேர் இருக்கோம் ராய்சா."

"அஞ்சு பேரா இருப்போம்" என்றாள்.