கழுத்து நீட்டிய கோழிகள்

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஒற்றை ஷெட்டில் ஆரம்பித்து, இன்று நாமக்கல் பக்கம் என் பண்ணை முட்டை ஏற்றாத லாரி இல்லை என்கிற அளவுக்கு வந்தவன், இதற்கெல்லாம் பயந்தால் ஆகுமா? நம்பினால் நம்புங்கள், நடந்தது இதுதான்.

கெங்கவல்லிப் பெண் தமிழ்ச்செல்வி, கோழிக்குடல் கிருமியைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். என் ஷெட்டில் ஒரு வரிசைக் கூண்டை அவளுக்கு விட்டிருந்தேன். தீவனத்தில் மூலிகைத் தூள் கலந்து, பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு, அவளே வண்டியைத் தள்ளி வந்து போடுவாள். கூண்டுக்கோழிக்கு ஆள் மாறினால் ஆகாது, மிரண்டு போய் தீவனத்தைத் தொடாது.

காய்ச்சல் முற்றி அவள் சேலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். அங்கிருந்து போன்.

“ஐயா, இன்னிக்குப் பொழுதுக்குள்ள அதுங்க தின்னலன்னா எல்லாமே கெட்டுடும். முதல்லேருந்து செய்ய எனக்கு இனிமே டைம் குடுக்க மாட்டாங்க.”

“நான் பாத்துக்கறேன் அம்மிணி. உங்கோழிக்குப் பாட்டுப் பாடியே ஊட்டிப்போடறேன், நீ படு.”

வாய்தான். நான் போட்டேன், தொடவில்லை. ஷெட்டு வேலை பார்க்கும் பழனியம்மாள் அந்தப் பச்சைக் கோட்டையே மாட்டிக்கொண்டு போனாள். கோழிகள் பின்கம்பியோடு ஒட்டிக்கொண்டன.

“கோட்ட யாருங்க பாக்கறா? அதுங்களுக்கு அந்தப் புள்ளதானுங்க வேணும்.”

சாயங்காலம். தொட்டியில் தீவனம் அப்படியே கிடக்கிறது, நாங்கள் இருவரும் வரிசையின் கடைக்கோடியில் நிற்கிறோம். திடீரென்று ஷெட்டே அடங்கியது. பிறகு வாசல் பக்கம் முதல் கூண்டுக்கோழிகள் கழுத்தை வெளியே நீட்டின. அடுத்த கூண்டு. அதற்கடுத்தது. தீவன வண்டி நகர நகர நீட்டுமே, அதே மாதிரி, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில். வண்டி சுவரோரம் சும்மா கிடக்கிறது, பாதையில் ஆளில்லை. தாண்டிய கூண்டுகளிலெல்லாம் தலை குனிந்து கொத்த ஆரம்பித்துவிட்டன. பழனியம்மாள் கோட்டைக் கழற்றிக் கீழே போட்டாள்.

தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறக்குமுன் தூக்கக் குரலில் கேட்டாள்: “கடைசிக் கூண்டு நொண்டிக்கோழி மட்டும் தின்னல, இல்லீங்களாய்யா?”

திரும்பிப் பார்த்தேன். தின்னவில்லை.

அவள் பட்டம் வாங்கி வெளிநாட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள். அன்றைக்கு என்னோடு பேசியதே நினைவில்லை என்கிறாள். அந்தக் கோழிகளை எப்போதோ கழித்து விற்றாயிற்று, இப்போது இருப்பவை அவள் முகமே பார்க்காத புதுக்கோழிகள். அவையும் சில சாயங்காலங்களில், அந்த ஒரு வரிசையில் மட்டும், கூண்டு கூண்டாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு வருகின்றன. நடந்து வருவது எதுவோ, நான் நிற்கிற இடத்துக்கு நேராக வந்ததும் நின்றுவிடுகிறது. தாண்டிப் போவதில்லை.