மூன்று மாடும் ஒரு திசையும்

குமரேசனின் ஜீப் நெல்லிவாசலுக்கும் ஜமுனாமரத்தூருக்கும் இடையே ஓடுகிறது. போகும்போது யாராவது சொன்னதை, வரும்போது தன் சரக்காக எடுத்துவிடுவான். கால்நடை டாக்டர் ஏறி இறங்கிய வாரம் அவன் சொல்லக் கேட்டு ஊரில் பாதிப் பேருக்கு, மாட்டுக்கு வரும் கோமாரியின் அறிகுறி இருந்தது.

புரட்டாசியில் காவலூர் வானாய்வகத்துக்கு வந்த ரேணுகாதேவி என்ற வானியல் பேராசிரியை, மூன்று நாள் அவன் ஜீப்பில் மலையைச் சுற்றினார். நம் பால்வீதியிலிருந்து வரும் காமா கதிர்கள் எங்கே பிறக்கின்றன என்பது அவர் ஆராய்ச்சி. கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட லட்சம் கோடி மடங்கு ஆற்றல். வளையாமல் நேராக வருவதால் திசை தெரியும். ஆனால் அந்தத் திசையில் வெடித்த விண்மீனின் மிச்சம் ஒன்று, விடாமல் சுழலும் செத்த விண்மீன் ஒன்று, வாயு மேகம் ஒன்று என்று நெருக்கியடித்து நிற்கும். எது அனுப்பியது என்று பல இடங்களில் இன்னும் தெரியாது.

"தெரியலன்னா இன்னா பண்ணுவீங்க மேடம்?"

"ஒரு நம்பர் போட்டு வெச்சுப்போம்."

இது அவனுக்கு மிகவும் பிடித்துப்போனது. அடுத்த வாரமே உதவவும் வந்தது.

கன்னியம்மாளின் சாமைக் கொல்லையை ஒரு மாடு மேய்ந்துவிட்டது. கால்தடம் மேற்கே போய்ப் பாறையில் மறைந்தது. மேற்கே மூன்று வீடு, மூன்று மாடு. அதில் ஒன்று குமரேசனின் செவலை. மேய்ந்த மாட்டுக்காரன் அறுப்பு முடியும்வரை அந்தக் கொல்லையின் பரண்மேல் உட்கார்ந்து காவல் காக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அவன் பரணில் உட்கார்ந்தால் ஜீப் நிற்கும். ஜீப் நின்றால், புது வேன் வாங்கியிருக்கும் கோபால் அதை அந்தத் தடத்தில் விட்டுவிடுவான். செவலை அன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போனது குமரேசனுக்குத் தெரியும்.

ஊர்க் கூட்டத்தில் எழுந்து, தீர்ப்புச் சொல்லும் ஊர்க் கவுண்டரைப் பார்த்தான்.

"மாமா, தெச தெரியறது வேற, ஆளு தெரியறது வேற. வானத்துலயே மூணு பேரு ஒரே பக்கம் நின்னா சயிண்டிஸ்டுங்க யாரையும் புடிக்கறதில்ல. நம்பர் போட்டு வுட்டுர்றாங்க."

கூட்டம் அசந்துவிட்டது.

"அந்த நம்பர ஒலையில போட்டுக் களி கெளறட்டுமா?" என்றாள் கன்னியம்மாள்.

"இரும்மா," என்றார் ஊர்க் கவுண்டர் பஞ்சாட்சரம். "ஏம்பா, நம்பர் போட்டுட்டு அந்தம்மா சும்மா வூட்டுக்குப் போய்டுவாங்களா?"

தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவனால் முடிந்ததில்லை.

"அதெப்புடி மாமா? இன்னும் கூர்மையாப் பாக்கறதுக்குப் பெருசு பெருசாக் கட்டறாங்க. மூணும் தனித்தனியாத் தெரிஞ்சிட்டா எதுன்னு புடிச்சிரலாமாம்."

சொன்ன பிறகுதான் வாயை மூடினான்.

"அப்ப நாமளும் பாத்துருவோம். மூணையும் அவுத்து வுடுங்கப்பா."

ஒரு மாடு புளியமர நிழலுக்குப் போனது. இன்னொன்று நின்ற இடத்தில் நின்று மூத்திரம் பெய்தது. செவலை எங்கும் வளையவில்லை. கொல்லை வேலியில் தான் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்த சந்துக்கு நேராகப் போய், தலையைத் தாழ்த்தி, உள்ளே நுழைந்தது.

குமரேசன் பரண் ஏறினான். கிளிகளை விரட்டிய நேரம் போக, கீழே களை பிடுங்கும் கன்னியம்மாளுக்குச் செத்த விண்மீன்கள் சுழலும் விதத்தை விளக்கினான். நாலாம் நாள் அவளே ஊர்க் கவுண்டரிடம் போனாள்.

"அவன எறக்கி வுடுங்கண்ணா. கிளி தின்னா தின்னுட்டுப் போவட்டும்."

மறுநாள் காலை ஏழு மணி டிரிப்புக்கு ஜீப் கிளம்பியது. வேனுக்குப் பூசை போட நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்த கோபால், கையில் நாலு எலுமிச்சம்பழத்தோடு அது போவதைப் பார்த்தபடி நின்றான்.