மச்சு பிச்சுவுக்கு முந்தின மாலை

அந்தப் படத்தை வெட்டி ஒட்டியவர் என் கணவர்தான். சனிக்கிழமைப் பேப்பரோடு வந்த வண்ணப் புத்தகத்தில் இருந்தது. பச்சை மலை. நடுவில் கூரையில்லாத கல் வீடுகள். மேலே முகில். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுச் சொன்னார்.

"இது பெரு எண்ட தேசம். இன்கா எண்ட சனம் அந்தக் காலத்தில கட்டினது. மச்சு பிச்சு எண்டு பேர். ஒருநாளைக்கு நாங்கள் ரெண்டு பேரும் உதில நிண்டு ஒரு படம் எடுக்கவேணும்."

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் சிட்னிக்கு வந்து சில வருடங்கள்தான். டூங்கபியில் வீடு. அவர் நகரத்தில் ஒரு கந்தோரில் கட்டிடங்களுக்குப் படம் வரைபவர். எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரமான படுக்கை விரிப்புகளை வண்டியில் நிரப்பித் தள்ளவேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் கேட்டால் பாதி விளங்கும். பேச வராது. வேலை, கடை, வீடு. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சிட்னி.

பால் எடுக்கப் போகும்போதெல்லாம் படத்தைப் பார்ப்பேன். எனக்கும் அங்கே நிற்கவேண்டும் போல வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் "ரெண்டு பேரும்" என்று சொன்னதாலாக இருக்கலாம்.

அவருடைய கந்தோர்ப் பெரியவர் மலை நடக்கிற பைத்தியம். ஒரு நாள் அவரே ஒரு கூட்டம் சேர்த்தார். வழிகாட்டி வைத்து, மலையில் கூடாரம் போட்டுப் படுத்து, சில நாள் நடந்து அந்தப் படத்தில் இருந்த இடத்துக்கே போகிற ஏற்பாடு. மனைவிமாரும் வரலாம் என்றாராம். இதை என் கணவர் சாப்பிடும்போது சொன்னார்.

"நானும் வாறன்," என்றேன்.

சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தார். "உமக்கு ஏலுமோ?"

"ஏலும்."

"யாழ்ப்பாணத்தில மலை எண்டு பேருக்கு ஒரு கீரிமலைதான் இருக்கு. அதுவும் கடக்கரை," என்று சிரித்தார். பிறகு, "ஓம், வாரும்," என்றார்.

அந்த ஓமை நான் நம்பினேன்.

பழகுவதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறி நீல மலைக்குப் போனோம். எனக்குச் சப்பாத்தும் அவரே பார்த்து வாங்கித் தந்தார். கடையில் முழங்காலில் இருந்து நாடா கட்டிவிட்டார். நாள் முழுக்க வண்டி தள்ளுகிற காலுக்கு மலை பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நான் மேலே போய் நிற்பேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். "கெதியா நடக்காதையும், ஆரும் துரத்தேல்லை," என்பார். புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக் கல்லில் இருந்து சாப்பிடுவோம். வீட்டில் பேசாத மனிதர் அங்கே பேசுவார். அந்த ஞாயிறுகள் நன்றாக இருந்தன. அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

புறப்படுகிற கிழமை சாமான் கட்டினோம். மலைக்கு இரண்டு முதுகுப் பை. அது போக ஒரு சின்னத் தோள்பையை அவர் தனியாகக் கட்டினார்.

"உதுக்குள்ள என்ன?"

"ஹோட்டல்ல விட்டிட்டுப் போறது. திரும்பி வந்தாப் பிறகு தேவைப்படும்."



விமானம் மாறி மாறிப் போய், பெருவில் ஒரு மலைப் பட்டணத்தில் இறங்கினோம். உயரமான இடம். எல்லோருக்கும் தலையிடித்தது. எனக்கும்தான். ஒரு நாளில் போய்விட்டது. தோள்பையை ஹோட்டலில் விட்டோம். ரயிலில் போய் ஆற்றங்கரையில் இறங்கி நடக்கத் தொடங்கினோம்.

முதல் நாள் ஏற்றத்தில் வழிகாட்டிக்குப் பின்னால் நான். என் கணவர் கடைசி ஆள். ஒரு வளைவில் நின்று அவருக்காகக் காத்தேன். அவர் வந்ததும் பெரியவர் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை. பெரியவரின் மனைவி என் முதுகைத் தொட்டு, என் கணவரைக் காட்டி, அவரைத் தூக்கிக்கொண்டு போவது போல் நடந்து காட்டினார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். ஆனால் காது சிவந்திருந்தது.

இரண்டாம் நாள் பின்னேரம், பெரிய ஏற்றத்துக்குக் கீழே கூடாரம் போட்டார்கள். மேலே மலையின் கழுத்துப் போல ஒரு இடைவெளி தெரிந்தது. விடிந்தால் அதைத்தான் கடக்கவேண்டும். அதுதான் கஷ்டமான இடம், அதைத் தாண்டினால் பிறகு பயமில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் எல்லோரும் என்னோடு ஒரு மாதிரி நல்லவர்களாக இருந்தார்கள். பெரியவரின் மனைவி வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். தன் தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். பெரியவர் கை குலுக்கினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து குலுக்கினார்கள். வழிகாட்டி ஒரு தோடம்பழத்தைக் கையில் வைத்தான். நாளைக்குக் கஷ்டமான ஏற்றம், அதற்கு முதல் இப்படிச் செய்வது வெள்ளைக்காரரின் வழக்கமாக்கும் என்று நினைத்தேன். நானும் எல்லோருக்கும் கை கொடுத்தேன்.

என்னிடம் ஒரு தகர ரின் நிறையத் தட்டைவடை இருந்தது. சிட்னியிலிருந்து சுட்டுக் கொண்டுபோனது. மச்சு பிச்சுவில் போய் நின்று சாப்பிட வைத்திருந்தேன். இவ்வளவு அன்பாக இருக்கிறார்களே என்று ரின்னைத் திறந்து கொடுத்தேன். உறைப்பில் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள். அவரும் இரண்டு எடுத்தார்.

கூடாரத்துக்குள் போய்ப் படுத்த பிறகு சொன்னேன். "நல்ல சனம், என்ன?"

"ம்."

"பாவம், அந்தத் தொப்பி இல்லாமல் அவவுக்குக் குளிரப்போகுது."

"பேசாமல் நித்திரை கொள்ளும்," என்று மற்றப் பக்கம் திரும்பினார்.

காலையில் நான் வெளியே வந்தபோது அவர் சப்பாத்துப் போட்டுத் தயாராக நின்றார். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. என் பையை ஒரு கோவேறு கழுதையில் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன். அவனை நான் முன்பு காணவில்லை.

"இஞ்சேர், நீர் இவனோட கீழ போம்," என்றார். "மேல குளிர் கூட. மூச்சு முட்டும். உம்மட நல்லதுக்குத்தான்."

"எனக்கு மூச்சு முட்டேல்லையே. உங்களுக்குத்தானே முட்டினது."

"கத்தாதையும். எல்லாரும் பாக்கினம்."

நான் கத்தவில்லை.

வழிகாட்டியிடம் போனேன். "ஐ வாக்," என்றேன். "குட்." அவன் என் கணவரைப் பார்த்தான். இவர் ஏதோ வேகமாகச் சொன்னார். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னான். மேலே எனக்குச் சாப்பாடு கட்டவில்லை. படுக்கிற இடமும் இல்லை. சொல்லிவிட்டுத் தொப்பியையே பார்த்தான்.

மற்றவர்களைப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியவரின் மனைவி கையை ஆட்டினார். அப்போதுதான் விளங்கியது. நேற்றுப் பின்னேரம் அவர்கள் எல்லோரும் என்னிடம் விடைபெற்றிருக்கிறார்கள். என்னை அனுப்பிவைக்கிற இடத்தில் நானே வடை கொடுத்திருக்கிறேன்.

வரிசையாக ஏறத் தொடங்கினார்கள். அவர் கடைசி. கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதர். அன்றைக்குச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் என்னிடம் விடைபெறாத ஆள் அவர் ஒருவர்தான்.

நான் கழுதையில் ஏறவில்லை. அந்த மனிதன் சேணத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். கொஞ்சத்தூரம் பார்த்தான். பிறகு அவனும் விட்டுவிட்டான். இறங்கும்போது ஒன்றையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். முதல் நாள் நான் முன்னுக்கு நடந்தது பிழை. பெரியவருக்கு முன்னால் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பின்னுக்கு நடந்திருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பார். இப்படித்தான் ஆற்றங்கரை மட்டும் வந்தேன். அந்த மனிதன் அவித்த உருளைக்கிழங்கு தந்தான். என்னை ரயிலேற்றிவிட்டுப் போனான்.

ஹோட்டலில் எனக்கென்று அறை இருந்தது. ஒற்றைக் கட்டில். வருவேன் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. கட்டிலின் மேல் தோள்பை. திறந்தேன். என் மாற்றுடுப்பு. இரண்டு தமிழ் வாரப்புத்தகம். பாதியில் விட்ட என் பின்னல் ஊசியும் நூலும். ஒரு பிஸ்கட் பக்கற். அவருடைய உடுப்பு ஒன்றுகூட இல்லை. அவர் தமிழ் வாரப்புத்தகம் தொடுகிறவரும் இல்லை.

இதெல்லாம் டூங்கபியில், எங்கள் அறையில், என் கண்ணுக்கு முன்னால் கட்டியது. நான் முன்னுக்கு நடக்கவும் இல்லை, ஒருவரும் சிரிக்கவும் இல்லை அப்போது. சப்பாத்துக்கு நாடா கட்டிவிட்ட நேரத்திலும் இது அவர் மனதில் இருந்ததோ தெரியாது. அதை யோசித்தபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. மலையில் அடைக்கவில்லை.

புத்தகத்தை வாசிக்கவில்லை. பின்னவும் இல்லை. பிஸ்கட்டை அறை கூட்ட வந்த பெண்ணுக்குக் கொடுத்தேன். அங்கிருந்து ரயிலிலேயே மச்சு பிச்சுவுக்குப் போகலாம் என்று பிறகு கேள்விப்பட்டேன். தெரிந்திருந்தாலும் போயிருக்கமாட்டேன்.

அவர் மூக்குத் தோல் உரிந்து, சந்தோஷமாகத் திரும்பி வந்தார். "நீர் வராதது நல்லதாப் போச்சு. பொல்லாத ஏத்தம்," என்றார்.

"படம் எடுத்தனீங்களோ?"

"ஓம்."



சிட்னிக்கு வந்த பிறகு சுவரில் படம் காட்டுகிற மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். ஒரு ஞாயிறு மத்தியானம் தெரிந்த இரண்டு தமிழ்க் குடும்பங்களையும், தனியாக இருந்த ஒரு பெடியனையும் கூப்பிட்டார். யன்னலுக்குக் கம்பளி போட்டு இருட்டாக்கினோம். கதிரை காணாமல் கட்டிலையும் இழுத்துப் போட்டோம். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றினேன்.

"அண்ணை, தொப்பியும் தாடியுமா கள்ளன் மாதிரியெல்லோ நிக்கிறியள்!" என்றான் அந்தப் பெடியன். சிரிப்பு.

தட்டத்தோடு வந்தபோது சுவரில் அந்த இடம் இருந்தது. குளிர்பெட்டியில் ஒட்டிய அதே மலை, அதே கல் வீடுகள், அதே முகில். முன்னால் அவர். சரி நடுவில் நின்றார். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம்கூட விடவில்லை.

"எங்க, அக்காவை ஒரு படத்திலயும் காணேல்லை?" என்று வந்திருந்த பெண் ஒருத்தி கேட்டாள்.

"அவவுக்கு ரெண்டாம் நாளே ஏலாமல் போட்டுது," என்றார் அவர். "மூச்செடுக்கக் கஷ்டப்பட்டவ. நான்தான் பயந்து கீழ அனுப்பினனான்."

"ஐயோ. நல்ல காலம், அண்ணை கவனிச்சது."

தட்டத்தை மேசையில் வைத்தேன்.

"எனக்கு ஒண்டும் வரேல்லை," என்றேன். "நான் இவருக்கு முன்னால நடந்தனான். இஞ்ச சிட்னியிலயே இவர் என்னைப் பாதியில விடுறதெண்டு முடிவெடுத்திட்டார். வந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் சொல்லேல்லை."

பெடியன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். பிறகு நிறுத்திவிட்டான்.

"தேத்தண்ணி ஆறப்போகுது, எடுங்கோ," என்றேன்.

அவர் அடுத்த படத்தைப் போட்டார். யாரும் பகிடி விடவில்லை.

எல்லோரும் போன பிறகு குசினி வாசலில் வந்து நின்றார்.

"ஏன் ஆக்களுக்கு முன்னால சொன்னனீர்?"

"நீங்கள் ஆக்களுக்கு முன்னாலதானே செய்தனீங்கள்."

நான் கோப்பை கழுவினேன். "இன்னொருக்கா ரெண்டு பேருமாப் போவம்," என்றார்.

"நீங்கள்தான் பாத்திட்டியளே."

அடுத்த ஞாயிறு நீல மலைக்குப் போகப் புளிச்சாதம் கட்டினேன். ஒரு ஆளுக்குத்தான். சப்பாத்தை எடுத்து நாடாவை நானே கட்டினேன். அவரும் தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். முகத்தைப் பார்த்தேன்.

"போட்டு வாறன்," என்றேன்.

ரயிலடிக்கு நடந்தேன். அவர் பின்னால் வரவில்லை. வாசலில் நின்றதாகப் பக்கத்து வீட்டுப் பெண் பிறகு சொன்னாள். நான் சொல்லிவிட்டுத்தான் போனேன்.