ஏழு பச்சை வளையலும் மூன்று கல்லும்

வளையல் போடுகிற தொழிலில், கையைப் பிடிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, போட்ட வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது.

பிரிக்பீல்ட்ஸில் சரோஜா அக்காவின் வளையல் கடையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளைகாப்பு வீடுகளுக்குப் போவேன். கர்ப்பிணியின் கையில் கண்ணாடி வளையல்களை உடையாமல் ஏற்றிவிட்டு, எழுந்திருக்கும் முன் ஒரு வார்த்தை சொல்வேன்: "பிரசவத்துக்குப் போற வரைக்கும் கழட்டக் கூடாதும்மா." சரோஜா அக்கா சொன்னார், நானும் சொன்னேன். ஏன் என்று அவரை நான் கேட்டதில்லை, என்னையும் யாரும் கேட்டதில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு முறை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோய், மூன்றாவது முறை நான்காம் மாதத்தைத் தொட்டபோது, பித்தப்பையில் கல்லும் சேர்ந்துகொண்டது. வலது விலாவுக்கு அடியில் கையை வைத்து அழுத்தியபடி இதைப் படிக்கும் தோழிகளே, இது உங்களுக்காக.

பூச்சோங் நெய்ச்சோறு

மாசமாக இருக்கிற வளையல்காரிக்குக் கைராசி அதிகம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. என் வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்ததும் அழைப்புகள் கூடின. பூச்சோங்கில் ஒரு வீட்டில், நான் முதல் வாய் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு இலை போட்டார்கள். நெய்ச்சோறு, உளுந்து வடை, முந்திரி மிதக்கும் கேசரி. எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

பெட்டியில் வளையல்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வலி வந்தது. விலாவுக்கு அடியில் யாரோ முழங்கையை ஊன்றி நிற்பதுபோல ஆரம்பித்து, முதுகைச் சுற்றி வலது தோள்பட்டைக்கு ஏறியது. நின்றாலும் குனிந்தாலும் விடவில்லை. 'மறுபடியுமா?' என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கார ஆன்டி என் முதுகில் தைலம் தேய்த்தார். ஓமத் தண்ணீர் வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து வலி தானாக இறங்கியபோது, அவர் கையில் ஒரு தட்டு இருந்தது. "காத்துதான் பொண்ணு, இன்னொரு வடை சாப்பிடு, அமுக்கிடும்."

நிழல் விழுந்த புள்ளிகள்

மூன்றாவது தடவை வலி வந்ததும் என் வீட்டுக்காரர் குமரன் கடையிலிருந்து நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். ஸ்கேன் அறையில் ஓர் இளம் பெண் டாக்டர், தமிழ்ப் பெண். "முதல்ல குழந்தையைப் பாருங்க டாக்டர்" என்றேன். பார்த்தார். இதயம் ஓடியது. பிறகு கருவியை மேலே விலாவுக்கு நகர்த்தினார். நானும் திரையையே பார்த்தேன். கறுப்பாக ஒரு பை. அதற்குள் மூன்று வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு நீள நிழல்.

கர்ப்ப காலத்தில் பித்தப்பை சோம்பலாகிவிடும், கல் சேரும், எண்ணெயும் நெய்யும் உள்ளே போனால் பை இறுகிக் கல்லோடு மல்லுக்கட்டும் என்று விளக்கினார். கொழுப்பைக் குறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். காய்ச்சல் வந்தாலும், கண் மஞ்சளானாலும், சிறுநீர் கறுத்தாலும் உடனே வர வேண்டும். தேவைப்பட்டால் ஆபரேஷன், அதற்கு இந்த நடு மாதங்கள்தான் ஏற்றவை. ஆபரேஷன் என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. குழந்தை என்னாகும் என்று மட்டும் கேட்டேன். கருவியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நாங்க அவசரப்பட மாட்டோம். நீங்களும் லேட் பண்ணாதீங்க."

இல்லாத விரதம்

நான் செய்த தவறு இதுதான்: சாப்பிட்டால்தானே வலி என்று, சாப்பிடாமலே இருந்துவிட்டேன். விருந்து வீடுகளில் "இன்னிக்கு விரதம்" என்றேன். இரண்டு வீட்டில் பலித்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் பலிக்கவில்லை. மாசமான வளையல்காரி சாப்பிடாமல் படியிறங்கினால் தன் மகளுக்கு ஆகாது என்று பெண்ணின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நெய்யுருண்டையை என் வாய்க்கு நேரே நீட்டி நின்றார். பாதியைக் கடித்தேன்.

அரை நாள் பட்டினிக்குப் பிறகு போன நெய். அவர்கள் குளியலறையில் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டினி கிடந்தால் பித்தம் தேங்கி நிலைமை இன்னும் மோசமாகும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெளியே வளையல் குலுங்கியது. கதவைத் திறந்தால் நான் வளையல் போட்ட பெண், மாலையும் சந்தனமுமாக, வெந்நீர்க் குவளையோடு நிற்கிறாள். "விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கம்மாவுக்குப் பயந்துதானே சாப்பிட்டீங்க? நானும் அப்படித்தான்லா அக்கா."

சரோஜா அக்கா போட்ட ஏழு

அதன்பின் டாக்டர் சொன்னபடி நடந்தேன். கஞ்சி, ஆவியில் வேகவைத்த மீன், எண்ணெய் தடவாத இட்லி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. விருந்து வீடுகளில் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்து அதிலிருந்தே முதல் வாய் சாப்பிட்டேன். முகம் சுளித்தவர்களிடம் கல்லைப் பற்றி நேராகவே சொன்னேன். இரண்டு வாரம் வலியில்லாமல் போனது.

ஐந்தாம் மாதம் பிறந்த அன்று சரோஜா அக்கா கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, என்னை முக்காலியில் உட்கார வைத்தார். "வெறுங்கையோட வர்ற வளையல்காரிகிட்ட எவ கையைக் கொடுப்பா?" வலது கை வேலை செய்கிற கை என்று அதை விட்டுவிட்டு, இடது கையில் ஏழு பச்சை வளையல் ஏற்றினார். முன்னிரண்டு குழந்தைகளும் வளையல் வரை வந்ததில்லை. நான் அழுததைப் பார்க்காததுபோல் பெட்டியை மூடினார். "உனக்குச் சொல்லணுமா என்ன? கழட்டக் கூடாது."

செலாயாங் படக்காரர்

பத்து நாள் கழித்து உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. வளையல் தூள் என்று நினைத்தேன். சிறுநீர், பால் கலக்காத கோப்பி ஓ நிறத்தில் போனது. தண்ணீர் குடிக்கவில்லை என்று நினைத்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்த அறிகுறிப் பட்டியல் கைப்பையில் மடித்தே இருந்தது.

செலாயாங்கில் ஒரு மண்டபத்தில் வளைகாப்பு. படமெடுக்க வந்தவர், நான் வளையல் ஏற்றுவதை நெருக்கத்தில் எடுத்தார். எடுத்தவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ திருகினார், மறுபடி எடுத்தார். நான்கு முறை. பெண் வீட்டார் பொறுமை இழந்தார்கள். விளக்கு சரியில்லையா தம்பி என்று கேட்டேன். அருகில் வந்து குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். "விளக்கு சரியாத்தான் இருக்குக்கா. அந்தப் பொண்ணு கண்ணு வெள்ளையா வருது, உங்களுதுதான் மஞ்சளா வருது."

கழற்றிய கை

அன்றே மருத்துவமனைக்குப் போனேன்; ஒரு கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்திருந்தது. முதலில் வாய்வழியாகக் குழாய் விட்டு அதை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பித்தப்பையையே எடுப்பது என்று முடிவானது. விட்டால் கிருமி பரவும், அது குழந்தைக்கும் ஆபத்து என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் அன்று காலை, மலாய் நர்ஸ் ஒருவர் நகைகளைக் கழற்றச் சொன்னார். ஊசி ஏறி இடது கை வீங்கியிருந்தது. ஆபரேஷன் மேசையில் வளையல் உடைந்தால் கையைக் கிழிக்கும். வெட்டுகிற கருவியை எடுத்து வந்தார். நான் கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டேன். மனசுக்குள் என் குரலே கேட்டது: கழட்டக் கூடாதும்மா. குமரன் சரோஜா அக்காவுக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார். விஷயத்தைச் சொன்னேன். கடைத் தெருவின் வண்டிச் சத்தத்துக்கு நடுவே அக்காவின் குரல் வந்தது. "எனக்கும் யாரோ சொன்னதுதான்டி அது. கழட்டு. உடைக்காமக் கழட்டத் தெரியாதவளா நீ?"

பிளாஸ்டிக் பையும் சோப்பும் கேட்டேன். பையைக் கையில் மாட்டி, மேலே சோப்பு தடவி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, ஒவ்வொன்றாக இறக்கினேன். நர்ஸ் மலாயில் எண்ணினார். ஏழாவது கட்டைவிரல் மூட்டில் சிக்கியது. மூச்சை விட்டுவிட்டு இழுத்தேன். வந்தது. ஏழும் முழுசு. குமரன் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, என் வயிற்றில் அதே நர்ஸ் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இங்கே இல்லை. அங்கே இல்லை. பிறகு தடதடவென்று அறை முழுக்கக் கேட்டது. அவர் மலாயில் சொன்னதை, மயக்கம் முழுதாகத் தெளியாத எனக்குக் குமரன் தமிழில் சொன்னார்: "உங்க வளையலைவிட இதுக்குச் சத்தம் அதிகம், அக்கா."

கிள்ளானில் ஒரு கேள்வி

மகள் மாதம் நிறைந்து பிறந்தாள். அவளுக்கு ஆறு மாதமானதும் மறுபடி பெட்டியைத் தூக்கினேன். இப்போது ஒவ்வொரு ஜோடி வளையலோடும் ஒரு பிளாஸ்டிக் பை மடித்து வைக்கிறேன். போட்டு முடித்ததும், கை வீங்கினாலோ டாக்டர் சொன்னாலோ யோசிக்காமல் கழற்று என்று சொல்லி, எப்படிக் கழற்றுவது என்றும் செய்து காட்டுகிறேன்.

கிள்ளானில் ஒரு வீட்டில் இதைச் சொல்லி முடித்தபோது, வளையல் போட்டுக்கொண்ட பெண் கையை இழுத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "போன வருஷம் என் தங்கச்சி கை வீங்கி அழுதுச்சு. போன்ல கேட்டதுக்கு, கழட்டக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானேக்கா?"

பதினோரு வருடமாக வளையலை ஏற்ற மட்டுமே தெரிந்த எனக்கு, இறக்கவும் வழி சொல்ல வேண்டும் என்று புரியவைக்கக் கொண்டைக்கடலை அளவில் மூன்று கல் தேவைப்பட்டது.